கழுத்துக்குக் கீழே வெட்டிய படம்

2021 பிப்ரவரியில் ஒரு நாள், அலுவலக வேலைக்கு நடுவே, மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. சான்டா கிளாராவில் ஃபார்ட்டி நைனர்ஸ் அணி விளையாடும் லீவைஸ் ஸ்டேடியத்தை அந்த மாதம் 9-ஆம் தேதி முதல் கவுன்டி நிர்வாகம் தடுப்பூசி மையமாக்கியிருந்தது. அங்கே நிற்கிறாள். முகத்தில் என்95, அதன் மேல் பிளாஸ்டிக் தடுப்பு. இடது கையில் மருந்துக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, வலது கையால் ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருக்கிறாள். மார்பில் அடையாள அட்டை. அதில் கல்லூரியின் பெயர், கீழே கொட்டை எழுத்தில் ‘மாணவ நர்ஸ்’.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லூரிப் பெயரை யாராலும் வாசிக்க முடியும். கழுத்துக்குக் கீழே இருந்ததை வெட்டினேன். வெட்டியதை எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டு, "பாப்பா கொரோனா ஊசி போடுறா" என்று எழுதினேன்.

ஊசி போடுகிறாள் என்ற படத்தில் ஊசி இல்லை. கையே இல்லை. இரண்டு கண்களும் ஒரு கவசமும்தான். அதற்கே உறையூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கும்பிடுகள் குவிந்தன. கோயம்புத்தூர் அக்கா அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்து ‘எங்க வீட்டு டாக்டர்’ என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை. ஒரு சிவப்பு இதயம் போட்டுவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

அந்தக் கல்லூரியின் பெயரை இங்கேயாவது எழுதட்டுமா என்று மகளிடம் கேட்டேன். "அன்னைக்கு வெட்டினீங்கல்ல, இன்னைக்கு நீங்களே ஒட்ட வேணாம்" என்றாள். ஆகவே பெயர் இல்லை.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களிடையே ஏப்ரல் மாதம் எப்படிப்பட்டது என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி முடிவுகள் வந்து முடிந்திருக்கும். சித்திரைத் திருநாள் விருந்தில் இலை போடுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்: "உங்க பொண்ணு எங்க போறா?" பெர்க்லி, யூசிஎல்ஏ என்று மார்பில் எழுதிய பனியன்கள் கூடத்தில் நடமாடும். 2017 ஏப்ரலில் என் மகளுக்கு அப்படிப் பனியன் வாங்க வழியில்லை. விண்ணப்பித்த யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு தனியார் கல்லூரியின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, அவளே "வேணாம்ப்பா, கம்யூனிட்டி காலேஜ் போறேன்" என்றாள். பதினெட்டு வயதுப் பெண் வீட்டுக் கடன் கணக்கை நினைத்துப் பேசினாள். நான் சிவகாமி மாமி வீட்டு விருந்தில் என்ன பதில் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (மாமியின் பெயரை மாற்றியிருக்கிறேன். அவர் பாவம், கேட்டது ஒரு கேள்விதான்.)

கம்யூனிட்டி காலேஜைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் விஷயமே. கலிஃபோர்னியாவின் 1960-ஆம் ஆண்டு உயர்கல்வித் திட்டம் எப்படிப் பிரித்துவைத்தது என்று நான் விருந்துகளில் விளக்கியிருக்கிறேன்: மேல் எட்டில் ஒரு பங்கு மாணவர்கள் யூசிக்கு, மேல் மூன்றில் ஒரு பங்கு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு, கம்யூனிட்டி காலேஜின் கதவு மட்டும் எல்லோருக்கும். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு யூசிக்கு மாறலாம். அப்படி மாறி வந்து பட்டம் வாங்குகிறவர்கள் அங்கே நாலில் ஒருவருக்கு மேல். ஹேவர்டில் இருக்கும் சாபோ கல்லூரியில் படித்தவர் டாம் ஹாங்க்ஸ். 2015-இல் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி நன்றியோடு எழுதினார். ஆப்பிளின் வாஸ்னியாக் கூபர்டினோவின் டி ஆன்சாவில் கொஞ்ச காலம் படித்தார். இதையெல்லாம் சொல்லி "என்ன ஒரு ஏற்பாடு பாருங்க, இந்த ஊர்ல!" என்று வியந்தவன் நான்தான். ஊரான் வீட்டுப் பிள்ளை படித்தால் ஏற்பாடு, என் வீட்டுப் பிள்ளை படித்தால் ஏமாற்றம்.

கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். அறுபது யூனிட் படித்தால் 2,760 டாலர். அவளுடைய அரங்கேற்றத்துக்கு மண்டபத்துக்கு மட்டும் அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன். மிச்சமான பணத்தை நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதையும் எழுதிவிடுகிறேன். வெட்கமும் லாபமும் ஒரே பையில் இருந்தன.

ஊரில் கேட்டவர்களுக்கு, "பயாலஜி எடுத்திருக்கா, ப்ரீ-மெட் மாதிரி" என்றேன். ‘மாதிரி’ என்ற சொல் தமிழில் இல்லாதிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று அவள் உண்மையிலேயே படித்துக்கொண்டுதான் இருந்தாள். அவை நர்சிங் படிப்பில் சேர்வதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள். கேட்டவர்கள் ‘மாதிரி’யை உதறிவிட்டு ‘மெட்’டை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் அது ‘மெடிக்கல்’ ஆனது. அடுத்த வருடம் உறையூரில் என் தம்பி, "அண்ணன் பொண்ணு அமெரிக்காவுல டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். நான் போட்ட விதைதான். தண்ணீர் ஊற்றியது அவர்கள்.

2019 ஆகஸ்டில் நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. லேசில் கிடைப்பதில்லை அது. புள்ளிக் கணக்கு உண்டு, சில கல்லூரிகளில் குலுக்கல்கூட உண்டு. அழைத்துச் சொன்னபோது மகள் தொலைபேசியில் அழுதாள். நான், "சரி, அப்புறம் மேல படிச்சுக்கலாம்" என்றேன். அவ்வளவுதான் என் வாழ்த்து.

2020 மார்ச் 16 அன்று எங்கள் கவுன்டி உட்பட வளைகுடாப் பகுதியின் ஆறு கவுன்டிகள் சேர்ந்து, வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று ஆணையிட்டன. நாட்டிலேயே முதலில் இப்படிச் செய்தவர்கள் நாங்கள்தான். அந்த வாரம் மருத்துவமனைகள் மாணவ நர்ஸ்களை வெளியே அனுப்பிவிட்டன. இருக்கிற கவசம் வேலை செய்பவர்களுக்கே போதவில்லை என்றார்கள். நாடெங்கும் பல கல்லூரிகளின் நர்சிங் துறைகள் தங்கள் பயிற்சிக் கூடத்தில் இருந்த கையுறை, முகக்கவசம், அங்கிகளை எண்ணிப் பெட்டி கட்டி மருத்துவமனைகளுக்குக் கொடுத்தன. என் மகளின் கல்லூரியும் கொடுத்தது. அவளும் இன்னும் மூன்று பேரும் போய்ப் பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள். திரும்பி வந்து, "பொம்மைங்க எல்லாம் வெறும் உடம்போட படுத்திருக்கு" என்று சிரித்தாள். பயிற்சிப் பொம்மைகளைச் சொன்னாள்.

அவர்களுக்குப் பெரிய கவலை வேறு. அன்றைய கலிஃபோர்னியா விதிப்படி நர்சிங் பயிற்சி நேரத்தில் 75 சதவீதம் நேரடியாக நோயாளியிடம் செலவழித்திருக்க வேண்டும். மருத்துவமனைக்குள்ளேயே விடாவிட்டால் பட்டம் எப்படி வரும்? நர்ஸ்கள் இல்லையே என்று நாடு கதறிக்கொண்டிருந்தபோது நர்ஸாகப் போகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரலில் மாநிலம் அந்த 75-ஐ 50 ஆகத் தளர்த்தியது. மீதியைப் பொம்மையோடும் கணினித் திரையோடும் முடிக்கலாம்.

இந்த நேரத்தில் என் மனதில் ஓடியதைச் சொல்ல வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது.

2020 இலையுதிர் பருவத்தில் எல்லாக் கல்லூரிகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. பெர்க்லி மாணவனும் அவன் அம்மா வீட்டு மாடியறையில்தான், என் மகளும் என் வீட்டு மாடியறையில்தான். எல்லோருக்கும் ஒரே ஸூம் கட்டங்கள். "பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டால் "வீட்லதான், எல்லாம் ஆன்லைன்" என்று சொல்லலாம், தலை நிமிர்ந்து. விருந்துகள் இல்லை. பனியன்கள் இல்லை. லட்சக்கணக்கான பேர் செத்துக்கொண்டிருந்த வருடத்தில் என் சின்னப் பொய்க்கு மூன்று வேளைச் சோறும் குளிர்சாதன அறையும் கிடைத்திருந்தன.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. அந்த வருடம் ஜூனில் ஒரு இரவு அவளை உட்காரவைத்து, "இதை விட்டுடு. ட்ரான்ஸ்ஃபர் எழுதி ஏதாவது யூசிக்குப் போயிடு. இந்த நேரத்துல ஆஸ்பத்திரி வேண்டாம்" என்றேன். உயிர்பயம் உண்மைதான்; எந்த அப்பனுக்கும் இருக்கும். ஆனால் அந்தப் பயத்தின் முதுகில் என் பழைய வெட்கத்தையும் ஏற்றி அனுப்பினேன். அவளுக்கு அது தெரிந்துவிட்டது. "பயமா இருந்தா பயமா இருக்குன்னு மட்டும் சொல்லுங்கப்பா" என்று எழுந்து போனாள்.

அவளுடைய வகுப்பைப் பற்றி நான் அப்போதுதான் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். மாடியறைக் கதவு திறந்திருக்கும். குரல்கள் கீழே வரும். ஒருவர் நாற்பது வயதைத் தாண்டிய பிலிப்பைன்ஸ் அம்மா, மூன்று பிள்ளைகள். ஒரே மேசையில் பிள்ளைகளுக்கு ஸூம், தனக்கு ஸூம். ஒருவன் உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவன். உணவகம் மூடியதும் இரவில் கிடங்கு வேலைக்குப் போனான். இன்னொரு பெண்ணுக்கு வீட்டில் இணையம் சரியில்லை. கல்லூரி தன் வண்டி நிறுத்துமிடத்தில் வைஃபையைத் திறந்துவிட்டிருந்தது. அவள் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் மடிக்கணினியைச் சாய்த்துவைத்து, இதயம் வேலை செய்யும் விதத்தைப் படித்தாள். மழை பெய்தால் கண்ணாடியில் விழும் சத்தம் எங்கள் வீட்டு மாடி வரை கேட்கும்.

அந்தப் பிலிப்பைன்ஸ் அம்மாவைப் பற்றி மகள் ஒருமுறை சொன்னது மறக்கவில்லை. 2020 செப்டம்பரில் நேஷனல் நர்சஸ் யுனைடெட் சங்கம் ஒரு அறிக்கை வெளியிட்டது. இந்த நாட்டு நர்ஸ்களில் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் சுமார் 4 சதவீதம்தான். கோவிட்டில் இறந்த நர்ஸ்களிலோ ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவர்கள். அதைப் படித்துவிட்டும் அந்த அம்மா மறுநாள் வகுப்புக்கு வந்தார். வீட்டுப்பாடத்தையும் முடித்திருந்தார்.

எல்லோரும் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த இலையுதிர் பருவத்தில் நாடு முழுக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முந்தைய வருடத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். கிடங்கில் வேலை பார்த்த அந்தப் பையன் நவம்பரில் நின்றுவிட்டான். ஜெயித்தவர்களின் கதையைச் சொல்லும்போது அவனை விட்டுவிடக் கூடாது என்று மகள் சொல்வாள். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து முடித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2020 செப்டம்பர் 9 காலையில், காட்டுத்தீயின் புகையால் வானம் முழுக்க ஆரஞ்சு நிறமாகி, சூரியன் உதித்ததே தெரியாத அன்று, அவள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போனாள். மீண்டும் உள்ளே விட்டிருந்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் ‘எந்த மெடிக்கல் காலேஜ்?’ என்று அடுத்த கேள்வி வரும். என் பொய் என் பெருமையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டது.

பிப்ரவரிப் படத்துக்கு வருகிறேன். அதன் விலையைக் கொடுத்தது மே மாதத்தில்.

2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. அதற்கு முந்தைய நாட்களில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிருக்கு நின்ற வரிசையை இங்கிருந்து தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாரம் உறையூரில் அம்மாவுக்குக் காய்ச்சல். எழுபத்து நாலு வயது. சோதனையில் பாசிட்டிவ். தம்பி எங்கேயோ அலைந்து சி.டி. ஸ்கேன் எடுத்து, நுரையீரல் பாதிப்பு 25-க்கு 9 என்று போட்ட காகிதத்தை எனக்கு அனுப்பவில்லை, என் மகளுக்கு அனுப்பினான். எங்களுக்கு நடு இரவு. வீடியோவில் அவன் முகம். பின்னால் கட்டிலில் அம்மா.

"பாப்பா, மருந்துக் கடைக்காரர் டெக்ஸா மாத்திரை இருக்குங்கிறார். எங்க டாக்டர் போனை எடுக்க மாட்டேங்கிறார். உன் படத்தைக் காட்டினேன், அமெரிக்க டாக்டர் சொன்னா குடுக்கிறேன்னுட்டார். நீ ஒரு வார்த்தை சொல்லு. எத்தனை மில்லி?"

வெட்டிய படம் உறையூர் மருந்துக் கடையில் மருந்துச் சீட்டாகியிருந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"சித்தப்பா, நான் டாக்டருக்குப் படிக்கல. நர்சிங். இங்க கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷப் படிப்பு. இந்த மாசம்தான் முடிக்கிறேன். மாத்திரை சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. சொல்லவும் மாட்டேன்."

தம்பிக்கு முதலில் புரியவில்லை. "அண்ணன் சொன்னுச்சே..." என்று இழுத்தான். நான் மகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கேமராவுக்கு வெளியே. அங்கேயே இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுவது அதுதான்: பொய் சொன்னதைவிட, அது உடைந்த நேரத்தில் சட்டகத்துக்குள் வராமல் ஒதுங்கிக்கொண்டது.

அவள் நேரத்தை வீணாக்கவில்லை. ஆக்ஸிமீட்டரை எந்த விரலில் மாட்டியிருக்கிறார்கள் என்று காட்டச் சொன்னாள். அம்மாவின் கால் நகங்களில் மருதாணி இருக்கும், கையிலும் இருந்தது. வேறு விரலில், துடைத்து, கையைச் சூடாக்கி மாட்டச் சொன்னாள். 95 காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்ஸா என்ற அந்த ஸ்டீராய்டு நல்லது செய்யவில்லை என்று 2020-லேயே ஆக்ஸ்போர்டின் ரெக்கவரி ஆய்வு காட்டியிருந்தது. அதை அவள் சித்தப்பாவுக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னாள்: "மூச்சு நல்லா இருக்கறப்ப இந்த மாத்திரை உதவாது, கெடுக்கலாம்." நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல், ஆக்ஸிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள். குப்புறப் படுக்கவைக்கச் சொன்னாள். 94-க்குக் கீழே இறங்கினால் யாரையும் கேட்காமல் மருத்துவமனை. டாக்டர் கிடைக்கும் வரை போன் போட்டுக்கொண்டே இருங்கள் என்றாள்.

மூன்றாம் நாள் 92. அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. அந்த நோட்டைப் பார்த்த டாக்டர், "யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டாராம். ஆக்ஸிஜனில் நாலு நாள், மொத்தம் ஒன்பது நாள், அம்மா வீட்டுக்கு வந்தார். காப்பாற்றியது அந்த டாக்டர்களும் அங்கிருந்த நர்ஸ்களும்தான். மகள் இதை நான் அழுத்தி எழுத வேண்டும் என்றாள்.

அன்றிரவு அழைப்பு முடிந்ததும் அவள் என்னைத் திட்டவில்லை. "தூக்கக் கலக்கத்துல நான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னப்பா ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே போய்விட்டாள். காலை ஏழு மணிக்குப் பயிற்சி.

கல்லூரியைப் பற்றிய வெட்கம் மட்டும்தானா என்று பிறகு என்னையே குடைந்தேன். இல்லை. 1996-இல் எனக்குப் பெண் பார்த்தபோது வேலூரில் நர்ஸாக இருந்த ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்தது. அம்மாவுக்குச் சம்மதம். நைட் டியூட்டிப் பெண் வேண்டாம் என்றவன் நான். அந்த இருபத்தேழு வயதுக்காரன் கலிஃபோர்னியா வந்து, வீடு வாங்கி, எல்லோரும் சமம் என்று பேசக் கற்றுக்கொண்டு, உள்ளே அப்படியே உட்கார்ந்திருந்தான். நோயாளியின் மலஜலம் எடுப்பவள் என் மகளா என்று கேட்டது அவன்தான். கம்யூனிட்டி காலேஜ் அவனுக்கு ஒரு சாக்கு.

ஜூனில் பட்டமளிப்பு, காரில் இருந்தபடியே. வண்டி நிறுத்துமிடத்தில் வரிசை. கார்களில் பலூன், காகிதப் பூ. ஒருவர் பிக்கப் லாரியில் தன் பாட்டியைச் சாய்வு நாற்காலியோடு ஏற்றி வந்திருந்தார். எங்கள் முறை வந்தபோது ஒலிபெருக்கியில் மகளின் பெயரைத் தப்பாக உச்சரித்தார்கள். அவள் இறங்கி, முகக்கவசத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஏறினாள். மொத்தம் இருபது நொடி. முன்னால் ஸ்டியரிங்கில் மடிக்கணினி வைத்துப் படித்த அந்தப் பெண்ணின் கார். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனாள்.

கோடையில் லைசென்ஸ் தேர்வு. இரண்டு வருடப் படிப்புக்காரர்களுக்கும் நாலு வருடப் பட்டதாரிகளுக்கும் அதே தேர்வு, அதே உரிமம். மகள் தேறினாள். குடும்பக் குழுவில் நான் எழுதினேன்: பாப்பா நர்ஸாகிவிட்டாள், கம்யூனிட்டி காலேஜில் படித்தாள், இதுவரை உங்களிடம் நான் வேறு விதமாகச் சொல்லி வந்தேன். வழக்கத்தைவிடக் கும்பிடு குறைவு. கோயம்புத்தூர் அக்கா இரண்டு நாள் கழித்து, "அதனால என்னடா" என்று எழுதினாள். அவளுடைய ‘அதனால என்ன’வில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்; என்னிடமும் அது இருந்ததே.

மகள் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறாள். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் படங்கள் அனுப்புவதில்லை. என் அம்மாவுக்கு நேராக அனுப்புகிறாள்.

2023 பொங்கலுக்கு உறையூர் போனேன். கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படம், சட்டம் போட்டு, கண்ணாடிக்குள். தம்பி 2021-லேயே மாட்டியது. கண்களும் கவசமும். உண்மை தெரிந்த பிறகும் யாரும் கழற்றவில்லை. முழுப் படத்தை அச்செடுத்துக் கையில் கொண்டுபோயிருந்தேன்.

அம்மா அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குப்பி, ஊசி, அட்டை. அட்டையில் இருந்ததை அவரால் படிக்க முடியாது.

"இதுல கை இருக்கே. அதுல ஏன்ய்யா இல்ல?"

"நான்தாம்மா வெட்டினேன்."

"ஏன்?"

சொன்னேன். சுருக்கமாக இல்லை, மேலே எழுதியதில் பெரும்பகுதியைச் சொன்னேன், வேலூர் ஜாதகம் உட்பட. அம்மா குறுக்கே பேசவில்லை. பாதியில் காபி ஆறிவிட்டது. கடைசியில் அவர் தம்பியைக் கூப்பிட்டு, சுவரிலிருந்து படத்தை இறக்கச் சொன்னார். சட்டத்தின் பின்பக்கத்தில் நாலு சின்ன ஆணிகள், துருப்பிடித்து இறுகியிருந்தன. நகத்தால் முயன்று பார்த்துவிட்டுத் தம்பி குறடு தேடப் போனான்.